இரும்புப் பெட்டி வாங்கப் போகிறீர்களா?

மாம்பலத்திலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். நான்கு பக்கம். அதில் மூன்றரைப் பக்கம் மாமியார் நகை, நாத்தனார் நகை, யார் நகை யாரிடம் தங்கிவிட்டது என்ற விவரம். அது நமக்கு வேண்டாம். மீதி அரைப் பக்கம்தான் விஷயம். பாங்கியில் லாக்கருக்கு எழுதி வைத்து ஒன்றரை வருஷம் ஆகிறதாம். இன்னும் முறை வரவில்லையாம். இதற்குள் அவர் கணவர், மூடப் போகிற ஒரு கடையில் பழைய இரும்புப் பெட்டி ஒன்றைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். "ஐந்தடி உயரம், பித்தளைக் கைப்பிடி, உள்ளே ரகசிய அறை, விலையோ கொள்ளை மலிவு. வாங்கலாமா, கூடாதா? உடனே பதில் போடுங்கள்" என்று கேட்டிருக்கிறார்.

உடனே பதில் போட எனக்கும் ஆசைதான். ஆனால் இரும்புப் பெட்டி என்று யார் சொன்னாலும் எனக்கு எங்கள் வீட்டு மாடிப்படியும், ஒரு பெரியவரின் காலும்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. ஆகையால் முதலில் அந்தக் கதையைக் கேளுங்கள். பதில் தானாகவே கிடைத்துவிடும்.

எங்கள் வீடு சைதாப்பேட்டையில், அடையாற்றுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. என் மாமனாரின் தகப்பனார் கட்டிய பழைய வீடு. கீழே இரண்டு கட்டு, மேலே ஒரு கூடமும் இரண்டு அறைகளும். 2015-ஆம் வருஷம் டிசம்பர் முதல் தேதி இரவு ஆறு எங்களைத் தேடிக்கொண்டு கூடத்துக்கே வந்துவிட்டது. இடுப்பளவு தண்ணீர். மாமியாரை மாடிக்கு ஏற்றினோம். காஸ் அடுப்பை ஏற்றினோம். ஆவக்காய் ஜாடியைக்கூட ஏற்றினோம். பீரோவின் அடித்தட்டை மட்டும் யாரும் நினைக்கவில்லை.

தண்ணீர் வடிந்து பீரோவைத் திறந்தபோது நகைகள் சேற்றோடு சேறாகக் கிடந்தன. கழுவித் துடைத்தோம், பளிச்சென்று ஆகிவிட்டன. தங்கத்துக்கு என்ன கேடு? ஆனால் வீட்டுப் பத்திரம், என் பெண்ணின் பள்ளிக்கூட சர்டிபிகேட்டுகள், மாமனார் கைப்பட எழுதி வைத்திருந்த கணக்கு நோட்டு, எங்கள் கல்யாண ஆல்பம் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கனமான ஓர் அடையைப் போல் ஆகியிருந்தன. சர்டிபிகேட்டுகளுக்கு அரசாங்கமே முகாம் வைத்து நகல் கொடுத்தது. பத்திரத்துக்குப் பதிவு ஆபீஸில் மனுப் போட்டுச் சான்றிட்ட நகல் வாங்கினோம். ஆல்பத்துக்கு எந்த ஆபீஸில் மனுப் போடுவது?

அன்று மாமியார் சொன்னார்: "எங்கப்பா வீட்டில் இரும்புப் பெட்டி இருந்தது. அது இருந்திருந்தால் இந்தக் கதி வருமா?"

எனக்கும் அது வேத வாக்காகப் பட்டது. பெட்டி என்றால் பத்திரம். இரும்பு என்றால் இன்னும் பத்திரம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? தை பிறந்ததும் தேட ஆரம்பித்தோம். மாசியில் ஓர் அடகுக் கடையை மூடப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு நானும் என் வீட்டுக்காரரும் போனோம். மூலையில் நின்றது பெட்டி. நாலடி உயரம், இரண்டடி அகலம், இரண்டடி ஆழம். கறுப்பு வர்ணம். செய்தவர் பெயர்த் தகடு இருந்த இடத்தில் இரண்டு ஆணித் துவாரங்கள்தான் இருந்தன. கதவைத் திறந்தால் சத்தமே இல்லை; யானை தலையை ஆட்டுவது போல மெதுவாக வந்தது. நான் அந்தக் கதவிலேயே மயங்கிவிட்டேன்.

"என்ன எடை இருக்கும்?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"முந்நூறு கிலோ இருக்கும் ஸார். நாலு ஆள் போதும், தூக்கிப் போட்டுவிடுவான்" என்றார் கடைக்காரர்.

சகோதரிகளே, இந்த இடத்தில் கதையை நிறுத்திக்கொண்டு, அன்று நான் கேட்டிருக்க வேண்டிய, ஆனால் கேட்காமல் விட்ட கேள்விகளைச் சொல்லிவிடுகிறேன்.

இரும்புப் பெட்டியில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று திருடனுக்காகச் செய்தது. மற்றது தீக்காகச் செய்தது. பார்வைக்கு இரண்டும் அக்கா தங்கை மாதிரி இருக்கும். குணம் வேறு. திருடனுக்கான பெட்டி கனமான எஃகுத் தகட்டால் ஆனது, உடைப்பது கஷ்டம். ஆனால் வெளியே நெருப்புப் பிடித்தால் தகடு சூட்டை அப்படியே உள்ளே கடத்திவிடும். காகிதம் கருகிப் போகும். தீக்கான பெட்டியில் தகடு மெல்லியது. இரண்டு தகடுகளுக்கும் நடுவில் சூட்டைத் தடுக்கும் பொடியோ சாந்தோ நிரப்பியிருப்பார்கள். அது காகிதத்தைக் காப்பாற்றும். கடப்பாரைக்காரனுக்கு முன்னால் அவ்வளவு நேரம் நிற்காது. இரண்டுக்குமாகச் செய்த பெட்டிகளும் உண்டு. கடைக்காரரிடம் "இது எதற்குச் செய்த பெட்டி?" என்று கேளுங்கள். "எல்லாவற்றுக்கும்தான் அம்மா" என்று பதில் வந்தால் அவருக்கும் தெரியாது என்று அர்த்தம்.

நடுவில் நிரப்புகிற பொடி என்றேனே, அது என்ன தெரியுமா? பழைய காலத்துப் பெட்டிகள் பலவற்றில் நம் வீட்டுப் படிகாரம்தான்! திருஷ்டிக்கு வாசலில் கட்டுகிறோமே, அதே படிகாரம். அதன் எடையில் கிட்டத்தட்டப் பாதி தண்ணீர். கல்லுக்குள் ஒளிந்திருக்கிற தண்ணீர். சூடு பட்டால் அந்தத் தண்ணீர் ஆவியாகக் கிளம்பும். அது தீர்கிற வரை உட்பக்கம் அதிகமாகச் சூடேறாது. இங்கிலாந்தில் மில்னர் என்பவர் 1840-ல் இப்படி நீர் தரும் சரக்கை நிரப்பிய பெட்டிக்குக் காப்புரிமை வாங்கினார். நம் நாட்டில் ஆர்தேஷிர் கோத்ரெஜ் 1897-ல் பம்பாயில் பூட்டுச் செய்ய ஆரம்பித்து, சில வருஷங்களில் இரும்புப் பெட்டிக்கு வந்தார். 1944-ஆம் வருஷம் ஏப்ரல் 14-ந் தேதி பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்து எங்கும் தீப்பிடித்ததே, அப்போது அவர்களுடைய பெட்டிகளுக்குள் இருந்த காகிதங்கள் பிழைத்தன என்பது அந்தக் கம்பெனிக்கு இன்றைக்கும் பெருமை. முதல் பொதுத் தேர்தலுக்கு ஓட்டுப் பெட்டி செய்து கொடுத்ததிலும் அவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. பெட்டி என்றால் அவர்களுக்கு அவ்வளவு பிரியம்!

ஆனால் இந்தப் படிகார சமாசாரத்தில் ஒரு சங்கடம் இருக்கிறது. தண்ணீரை அடக்கி வைத்திருக்கிற சரக்கு ஐம்பது அறுபது வருஷம் சும்மா இருக்குமா? கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். தகடு உள்ளிருந்து துருப்பிடிக்கும். பெட்டிக்குள் ஈரம் தங்கும். பட்டுப் புடவையில் பூஞ்சை பூக்கும், வெள்ளிச் சாமான் கறுக்கும். அதனால் பழைய பெட்டியைப் பார்க்கப் போனால் முதல் வேலையாகக் கதவைத் திறந்து தலையை உள்ளே நீட்டி மூச்சை இழுங்கள். மழைக்காலத்து அரிசி மூட்டை வாடை வந்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். உள் மூலைகளில் விரலால் தேய்த்துப் பாருங்கள். செம்பொடி ஒட்டினாலும் அப்படியே. ஒருமுறை தீயில் அகப்பட்டு மீண்ட பெட்டியும் உதவாது. உள்ளிருந்த தண்ணீரெல்லாம் அன்றோடு செலவாகியிருக்கும். மேலே புது வர்ணம் பூசியிருப்பார்கள். இன்னொன்று: சென்ற நூற்றாண்டின் நடுவில் செய்த சில பெட்டிகளுக்குள் ஆஸ்பெஸ்டாஸும் வைத்திருக்கிறார்கள். அதன் தூள் மூச்சில் போனால் நுரையீரலுக்கு ஆபத்து. ஆகவே பழைய பெட்டியில் உங்கள் இஷ்டத்துக்குத் துளை போடச் சொல்லாதீர்கள்.

சாவி விஷயத்துக்கு வருவோம். "சாவி தொலைந்துவிட்டது, திறந்தால் உள்ளே என்ன இருக்குமோ, உங்கள் அதிர்ஷ்டம்" என்று ஆசை காட்டி விற்கிற பெட்டியை வாங்காதீர்கள். உள்ளே ஒன்றும் இருக்காது. இருந்தால் அவர் உங்களுக்கு விற்பானேன்? சாவி இருந்தால் இரண்டு சாவிகளையும் கேட்டு வாங்குங்கள். அப்போதுகூட மூன்றாவது சாவி யாரிடமும் இல்லை என்று யார் சத்தியம் செய்வது? வீட்டுக்கு வந்த உடனேயே, நகை ஒன்றும் வைப்பதற்கு முன், பூட்டுத் தெரிந்த நல்ல ஆளை அழைத்துப் பூட்டுக்குள் இருக்கும் நெம்புகளை மாற்றிப் புதுச் சாவி போட்டுக்கொள்ள வேண்டும். எண் திருகுகிற பூட்டாக இருந்தால் எண்ணை மாற்ற வேண்டும். சில பெட்டிகள் இரண்டு சாவிகளைச் சேர்த்துப் போட்டால்தான் திறக்கும். பாங்கியில் மானேஜரிடம் ஒன்று, காஷியரிடம் ஒன்று. வீட்டில்? மாமியாரிடம் ஒன்று, மருமகளிடம் ஒன்று என்று வைத்தால் பெட்டி திறப்பது அமாவாசைக்கு ஒரு தரம்தான். எங்கள் பெட்டிக்கு நல்ல வேளையாக ஒரே சாவித் துவாரம். சாவி மாமியார் இடுப்பில். அதில் எனக்கு மனஸ்தாபம் எதுவும் கிடையாது. (கொஞ்சம் உண்டு. அதைப் பிறகு ஒரு வாரம் எழுதுகிறேன்.)

இப்போது எடை. கடைக்காரர் சொன்ன முந்நூறு கிலோவை நாங்கள் நம்பினோம். நம்பியிருக்க வேண்டாம், கணக்குப் போட்டிருக்கலாம். ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், 10 மில்லிமீட்டர் கனமுள்ள எஃகுத் தகடு ஒன்று 78½ கிலோ எடை இருக்கும். இந்த ஒரு கணக்கை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும். எங்கள் பெட்டியின் ஆறு பக்கத்தையும் விரித்துப் போட்டால் சுமார் 3.7 சதுர மீட்டர். ஆக வெளித் தகடு மாத்திரமே 290 கிலோவைத் தொட்டுவிடுகிறது. அப்புறம் உள்தகடு, நடுவில் இருக்கிற சரக்கு, அந்த யானைக் கதவு, பூட்டு, தாழ்ப்பாள்கள். இவற்றையெல்லாம் கூட்டி, 500 கிலோவுக்குக் குறையாது என்று இஞ்சினீயரிங் படிக்கும் என் அக்காள் பிள்ளை காகிதத்தில் போட்டுக் காண்பித்தான். எப்போது காண்பித்தான்? எல்லாம் முடிந்த பிறகு.

கணக்கில் நம்பிக்கை இல்லாவிட்டால் இன்னொரு வழியும் இருக்கிறது. பெட்டி ஏற்றிய வண்டியை வழியில் லாரி எடை மேடையில் ஏற்றி நிறுத்துங்கள். இறக்கிய பிறகு வெற்று வண்டியை ஒருமுறை நிறுத்துங்கள். இரண்டு சீட்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பெட்டி. ஆகிற செலவு சொற்பம்.

சரி, கதைக்கு வருகிறேன். குட்டி யானை என்கிறார்களே, அந்தச் சின்ன வண்டியில் பெட்டி எங்கள் வாசலில் வந்து நின்றது. கூட நாலு ஆட்கள். அவர்களில் மூத்தவருக்கு அறுபது வயது இருக்கும். ஒல்லியான மனிதர், தலையில் துண்டு. அவர்தான் மற்றவர்களுக்குத் தலைவர். வண்டியிலிருந்து பலகை சாய்த்து, கயிறு கட்டி, அவர் இறக்கிய அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தரையில் மூன்று குழாய்த் துண்டுகளைப் போட்டு அவற்றின்மேல் பெட்டியை வைத்தார். கடப்பாரையால் ஒரு நெம்பு. பெட்டி ஓர் அடி உருண்டது. பின்னால் விடுபட்ட குழாயை எடுத்து முன்னால் போட்டார். இன்னொரு நெம்பு. யாரும் மூச்சுப் பிடிக்கவில்லை, யாரும் கத்தவில்லை. சிவப்புத் தரை நசுங்காமலிருக்கச் சாக்கையும் பலகையையும் அவரே கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். பத்தே நிமிஷத்தில் பெட்டி கூடத்தில் நின்றது.

அங்கேயே விட்டிருக்கலாம். ஆனால் நாங்கள் பெட்டி வாங்கியதே வெள்ளத்துக்குப் பயந்தல்லவா? அதைக் கீழே வைத்தால் எதற்கு வாங்கியது? "மாடிக்கு" என்றேன்.

பெரியவர் மாடிப்படியைப் போய்ப் பார்த்தார். இரண்டரை அடி அகலம். பாதியில் ஒரு திருப்பம். பெட்டியை ஒரு தரம் தோளால் சாய்த்துப் பார்த்தார். "இது முந்நூறு கிலோ இல்லம்மா. மாடிக்கு வாணாம்மா. கீயவே ஒரு ஓரமா வச்சிக்கோ" என்றார்.

"கீழே வைத்தால் தண்ணீர் வந்துவிடும், பெரியவரே" என்றேன்.

"தண்ணி வர்றப்ப பாத்துக்கலாம்மா. படி குறுக்கலா இருக்குது. பக்கத்துல ஆள் நிக்க எடமில்ல. மேலேந்து இயுக்கணும், கீயேந்து தள்ளணும். கீய நிக்கறவனுக்குத்தான் கஸ்டம்."

இதைவிடத் தெளிவாக ஒருவர் சொல்ல முடியாது. நான் என்ன செய்தேன் தெரியுமா? "ஆயிரம் ரூபாய் சேர்த்துத் தருகிறேன்" என்றேன். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. மற்ற மூன்று பேரும் பெரியவரைப் பார்த்தார்கள். அவர் துண்டை அவிழ்த்து உதறி மறுபடி கட்டிக்கொண்டார்.

கீழே நின்றது அவரேதான். மற்றவர்களை நிற்க விடவில்லை.

படிகளின்மேல் பலகையைச் சாய்த்து, கயிற்றை மாடித் தூணில் ஒரு சுற்றுச் சுற்றி, மேலே இரண்டு பேர் இழுக்க, ஐந்து படி ஏறிவிட்டது. ஆறாவது படியில் பலகை நழுவியது. கயிறு தூணில் வழுக்கிக்கொண்டு வந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. பெரியவர் பக்கவாட்டில் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். பெட்டி அவரை உரசிக்கொண்டு இறங்கி, கடைசிப் படியை உடைத்து, கூடத்தில் போய்ச் சாய்ந்து நின்றது. அவருடைய உடம்பு தப்பிவிட்டது. வலது பாதம் மட்டும் அரைக் கணம் தாமதித்துவிட்டது.

பாதத்தில் இரண்டு எலும்புகள் முறிந்திருந்தன. மாவுக்கட்டுப் போட்டு ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாது என்றார் டாக்டர். ஆஸ்பத்திரிச் செலவை நாங்கள் கொடுத்தோம். ஆறு வாரத்துக்கு உண்டான கூலியையும் கொடுத்தோம். கொடுக்கப் போனபோது அவர் மனைவி பணத்தை எண்ணிப் பார்க்கவில்லை. "வாணாம்னு சொன்னேன்னு சொல்லிச்சே, சொல்லலியாம்மா?" என்று மட்டும் என்னைக் கேட்டாள். "சொன்னார்" என்றேன். வேறு என்ன சொல்வது?

சகோதரிகளே, பெட்டியைத் தூக்குவது ஆள் பலத்தால் அல்ல, இடத்தால். பக்கவாட்டில் ஆள் நிற்க இடமில்லாத படியில் கனமான பெட்டி ஏறக் கூடாது. அப்படி ஏற்றியே ஆக வேண்டுமென்றால் அதற்குச் செயின் பிளாக் என்று ஒன்று இருக்கிறது, சங்கிலிக் கப்பி. தொழிற்சாலைகளில் இயந்திரம் இறக்குகிற ஆட்களிடம் அது இருக்கும். கையை விட்டாலும் சுமை நழுவாது. நின்ற இடத்தில் நிற்கும். வீட்டுச் சாமான் ஏற்றுகிறவர்களை இந்த வேலைக்குக் கூப்பிடாதீர்கள். இயந்திரம் இறக்குகிறவர்களைக் கூப்பிடுங்கள். கூலி கூடத்தான் ஆகும். பெட்டியின் விலையைக்கூடத் தாண்டலாம். தாண்டட்டும். பழைய பெட்டி ஏன் மலிவாகக் கிடைக்கிறது என்று நினைக்கிறீர்கள்? விற்கிறவருக்கு அதை நகர்த்துகிற கவலை உங்கள் தலைக்கு வந்தால் போதும் என்றிருக்கும். கதவைக் கழற்ற முடிகிற பெட்டியானால் கழற்றித் தனியாகக் கொண்டு போகச் சொல்லுங்கள். கழற்றாத கதவைப் பூட்டிக் கயிறும் கட்டுங்கள். சாய்க்கும்போது திறந்துகொண்டால் அந்தக் கதவே ஒரு ஆளைச் சாய்த்துவிடும். வேலை நடக்கிறபோது பெட்டிக்குக் கீழ்ப்பக்கம் யாரும் நிற்கக் கூடாது. குழந்தைகள் பக்கத்து வீட்டில் இருக்கட்டும். வேலைக்கு வந்தவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

இதோடு போகவில்லை. உடைந்த படியைச் சரிசெய்ய மேஸ்திரியை அழைத்தோம். அவர் மாடியையும் ஒருமுறை பார்க்கிறேன் என்று போனார். எங்கள் மாடித் தளம் மெட்ராஸ் டெரஸ். மரச் சட்டங்களை வரிசையாக வைத்து, மேலே செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்து போட்டது. மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பக்கத்துப் பழைய வீடுகளில் இன்றும் பார்க்கலாம். அவர் கத்தி முனையால் ஒரு சட்டத்தைக் குத்தினார். இரண்டு அங்குலம் வெண்ணெயில் இறங்குவது போல் இறங்கியது. கறையான். "இதுமேலயா அம்மா பெட்டியை வைக்கப் பார்த்தீங்க?" என்றார். அந்தச் சட்டங்களுக்கு நேர் கீழேதான் மாமியார் கட்டில்.

புதுக் கான்கிரீட் வீடுதானே எங்களுக்கு என்று சந்தோஷப்படாதீர்கள். நம் நாட்டுக் கட்டட விதிப்படி வீட்டு அறைகளின் தளத்தைப் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 200 கிலோ என்ற கணக்கில் போடுகிறார்கள். கட்டில், பீரோ, நாலு விருந்தாளிகள் எல்லாம் பரவலாக இருக்கிற கணக்கு அது. 500 கிலோ பெட்டி ஒன்று இரண்டடிக்கு இரண்டடி இடத்தில் உட்கார்ந்தால், அந்த இடத்தில் மட்டும் சதுர மீட்டருக்கு 1300 கிலோவுக்கு மேல் வருகிறது. உடனே தளம் இடிந்து விழுந்துவிடும் என்று சொல்லவில்லை. பாரத்தை நாலா பக்கமும் பகிர்ந்துகொள்ளத் தளத்துக்குத் தெரியும். ஆனால் எங்கே வைக்கலாம், உத்தரத்துக்கு மேலா, சுவர் ஓரத்திலா என்பதை இஞ்சினீயர் ஒருவரை அழைத்துக் கேட்ட பிறகு வாங்குங்கள். அறையின் நட்டநடுவில் வேண்டவே வேண்டாம்.

எங்கள் பெட்டி இன்று கீழ்க்கட்டில் ஸ்டோர் ரூம் மூலையில், மண்ணிலிருந்து கட்டி எழுப்பிய ஓரடி மேடையில் இருக்கிறது. அதற்கு மேல் மேடை கட்டினால் ஏற்றுவது ஆபத்து என்றார் மேஸ்திரி. பெட்டியையும் மேடையையும் சேர்த்துப் போல்ட் போட்டு முடுக்கியிருக்கிறோம். செய்யும்போதே அடியில் விட்டிருந்த துவாரங்கள்தான்; நாங்கள் புதிதாகத் துளை போடவில்லை. இவ்வளவு கனத்துக்குப் போல்ட் எதற்கு என்று கேட்காதீர்கள். ஐரோப்பாவில் 1000 கிலோவுக்குக் குறைந்த பெட்டிக்கெல்லாம் தரையோடு முடுக்கத் துவாரம் இருக்க வேண்டும் என்றே விதி. நாலு பேர் உள்ளே கொண்டு வந்ததை வேறு நாலு பேர் வெளியே கொண்டு போகலாம் அல்லவா?

அப்புறம்தான் எனக்கு விடிந்தது. இரும்புப் பெட்டி தண்ணீரைத் தடுக்கவே தடுக்காது! கதவு எவ்வளவு அழகாகப் பொருந்தினாலும் சுற்றிலும் நூலிழை இடைவெளி உண்டு. வெள்ளம் சாவித் துவாரம் வழியாகவே நுழைந்துவிடும். நான் எதற்குப் பயந்து வாங்கினேனோ அதற்கு அது உதவாது. அப்படியானால் வீண் செலவா? இல்லை. தங்கத்துக்குத் தண்ணீர் ஒன்றும் செய்யாது. அதற்குப் பயம் திருடனிடம். காகிதத்தைத் திருடன் தொட மாட்டான். அதற்குப் பயம் தண்ணீரிடமும் தீயிடமும். அதனால் நகைகளைப் பெட்டிக்குள் வைத்தேன். பத்திரம், சர்டிபிகேட்டுகளைத் தண்ணீர் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மாடி அலமாரிக்கு அனுப்பினேன். எல்லாவற்றையும் படம் பிடித்து ஒரு பிரதியை வேறு ஊரில் இருக்கும் தம்பியிடம் கொடுத்திருக்கிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது ஸ்டோர் ரூமுக்குள் முழங்கால் தண்ணீர் வந்தது. பெட்டியின் அடித்தட்டு நனைந்தது. வளையல்களைத் துடைத்து வைத்தேன், அவ்வளவுதான்.

நகைக்கு பாங்கி லாக்கர் மேலா, வீட்டுப் பெட்டி மேலா என்றும் அந்தச் சகோதரி கேட்டிருக்கிறார். லாக்கர் கிடைத்தால் லாக்கர்தான். ஆனால் அதிலும் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். ரிஸர்வ் பாங்கியின் விதிகள் 2022 ஜனவரியிலிருந்து மாறியிருக்கின்றன. திருட்டு, தீ, கட்டடம் இடிவது, பாங்கி ஊழியரே மோசடி செய்வது போன்றவற்றால் லாக்கரில் இருப்பது போனால், பாங்கியின் பொறுப்பு லாக்கரின் வருஷ வாடகையைப் போல் 100 மடங்கு வரைதான். வாடகை 3000 ரூபாய் என்றால் மூன்று லட்சம். வெள்ளம், பூகம்பம் போன்ற இயற்கைச் சீற்றத்துக்கு, அவர்கள் அஜாக்கிரதையாக இருந்தாலொழிய, பொறுப்பில்லை. லாக்கர் காலியில்லை என்றால் காத்திருப்போர் பட்டியலில் உங்களுக்கு ஒரு நம்பர் கொடுக்க வேண்டும் என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. சகோதரியே, உங்களுக்கு நம்பர் கொடுத்தார்களா? இல்லையானால் நாளைக்கே போய்க் கேளுங்கள்.

பெரியவரைப் பற்றிச் சொல்லாமல் விட்டேனே. கால் கூடிவிட்டது. ஆனால் கனமான வேலைக்கு அவர் அப்புறம் போகவில்லை. மார்க்கெட் பக்கம் தள்ளுவண்டியில் வாழைப்பழம் விற்கிறார். கார்த்திகைக்கும் பொங்கலுக்கும் பழம் அவரிடம்தான். என்னைப் பார்த்தால், "பொட்டி சௌக்கியமாம்மா?" என்று கேட்கிறார். கிண்டலா, நிஜமான விசாரணையா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

மாம்பலம் சகோதரிக்குக் கடைசியாக ஒரு வார்த்தை. "மூன்றாம் மாடியில் இருக்கிறோம், லிப்ட் இருக்கிறது, கவலையில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். ஐந்தடி உயரம், இரண்டரை அடி அகலம், இரண்டரை அடி ஆழம் என்று அளவும் கொடுத்திருக்கிறீர்கள். 10 மில்லிமீட்டர் தகடு என்று வைத்துக்கொண்டால் வெளித் தகடு மட்டுமே சுமார் 455 கிலோ வருகிறது. உங்கள் லிப்டுக்குள் ஒரு சின்னத் தகடு அடித்திருப்பார்கள், பாருங்கள். நம் ஊரில் ஆளுக்கு 68 கிலோ என்று கணக்கு. நாலு பேர் லிப்ட் என்றால் 272 கிலோ. ஆறு பேர் லிப்ட் என்றால் 408. உங்களுடையது எத்தனை பேர் லிப்ட் என்று படித்துவிட்டு, மாடிப்படியின் அகலத்தையும் நாடா வைத்து அளந்து, அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். அதுவரை அட்வான்ஸ் கொடுக்க வேண்டாமென்று உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லி வையுங்கள்.